சிவப்பு விளக்குக்குப் பின் இருபது நிமிடங்கள்

சொகுசுக் காரின் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மதித்தால் செலவு சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாய். மதியாவிட்டால் பல லட்சம். அந்தப் பல லட்சத்தைக் காப்பீடும் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பெங்களூரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் பணியில் இருப்பவர்கள். நெடுநாள் கனவாக இருந்த ஒரு ஜெர்மானியக் காரை ஏழாண்டு வங்கிக் கடனில் வாங்கியிருக்கிறார்கள். இப்போது நான்காம் ஆண்டு நடக்கிறது. சேலத்தில் உறவினர் வீட்டுத் திருமணம். வெள்ளிக்கிழமை மாலை புறப்படுகிறார்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நின்றிருக்கும்போது டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய குறி ஒளிர்கிறது. கூலன்ட் அளவு குறைவாக உள்ளது என்று அதன் கீழே ஒரு வரி. நெரிசல் கலைந்து வண்டி வேகம் எடுத்ததும் எல்லாம் இயல்பாகத் தோன்றுகிறது. "திரும்பி வந்ததும் சர்வீசுக்கு விட்டுவிடலாம்" என்று முடிவு செய்கிறார்கள்.

சேலம் செல்லும் வழி பெரும்பாலும் இறக்கம். ஞாயிறன்று திரும்பும்போதோ வழி முழுவதும் ஏற்றம். தொப்பூர்க் கணவாயைக் கடந்து, கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரியை நெருங்குகையில் சிவப்பு விளக்கு எரிகிறது. எச்சரிக்கை ஒலியும் எழுகிறது. பின் இருக்கையில் குழந்தைகள் உறங்குகிறார்கள். வெளியே இருள், லாரிகளின் வரிசை. "இன்னும் இருபது நிமிடம் போனால் ஓசூர் வந்துவிடும், அங்கே நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் ஓட்டுபவர்.

குடும்பத்தின் பாதுகாப்பை எண்ணி எடுக்கப்படும் அந்த முடிவு இயல்பானதே. ஆயினும் அந்த இருபது நிமிடங்கள்தாம் இக்கட்டுரையின் பொருள். அந்த நேரத்துக்குள் பானட்டுக்கு அடியில் என்ன நிகழ்கிறது, அதற்கான செலவை யார் ஏற்பார்கள் என்பதைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், குறிப்பாகக் கடனில் கார் வாங்கியோர், அறிந்திருத்தல் நலம்.

வெப்பத்தின் கணக்கு

ஒரு பெட்ரோல் இயந்திரம் பத்து லிட்டர் எரிபொருளை எரித்தால், அதில் ஏறத்தாழ மூன்று லிட்டரின் ஆற்றலே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தைக் குளிர்விப்பு அமைப்பு சுமந்து வெளியேற்றுகிறது. எஞ்சியது புகையோடும் உராய்விலும் போகிறது. அதாவது, வண்டியை நகர்த்தும் ஆற்றலுக்கு ஏறத்தாழ நிகரான வெப்பம் ஒவ்வொரு நொடியும் இயந்திரத்திலிருந்து அகற்றப்பட்டாக வேண்டும்.

இச்சிக்கல் மோட்டார் வாகனத்துடன் கூடப் பிறந்தது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவைக் கணவரின் மோட்டார் வண்டியில் கடந்தார். உலகின் முதல் நெடுந்தொலைவு மோட்டார் பயணம் என்று அது போற்றப்படுகிறது. அந்த வண்டியில் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதன் மூலமே இயந்திரம் குளிர்ந்தது. ஆகவே வழியெங்கும் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய மெர்சிடிஸ் காரில் தேனடை வடிவ ரேடியேட்டர் இடம் பெற்றது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய குழாய்கள் கொண்ட அந்த அமைப்பினால், மிகக் குறைந்த தண்ணீரைக் கொண்டே இயந்திரத்தைக் குளிர்விக்க முடிந்தது. இன்றைய கார்களின் குளிர்விப்பு அமைப்பும் அடிப்படையில் அதன் வழித்தோன்றலே.

இன்று அந்தச் சுற்றில் ஓடுவது வெறும் தண்ணீர் அன்று. எத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளும் தூய நீரும் பெரும்பாலும் சம அளவில் கலந்த நீர்மம் அது. துருவையும் அரிப்பையும் தடுக்கும் சேர்மங்களும் அதில் உண்டு. வாட்டர் பம்ப் இதனை இயந்திரத்தின் உட்குழிகள் வழியாகச் செலுத்துகிறது. சூடான நீர்மம் ரேடியேட்டரை அடைந்து காற்றினால் குளிர்ந்து திரும்புகிறது. இடையில் நிற்கும் தெர்மோஸ்டாட், இயந்திரம் உரிய வெப்பத்தை அடையும் வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடி வைக்கிறது.

இவ்வமைப்பின் நுட்பம் அழுத்தத்தில் இருக்கிறது. பிரஷர் குக்கரில் தண்ணீர் நூறு டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் இருப்பது போல, மூடிய இச்சுற்றில் கூலன்ட் 125 டிகிரி செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் நீர்மமாகவே இருக்கும். ஒரு குழாயில் சிறு விரிசல் விழுந்தால் நீர்மம் மட்டும் போவதில்லை, அழுத்தமும் போகிறது. அழுத்தம் போனால் கொதிநிலை இறங்குகிறது. எஞ்சிய நீர்மமும் ஆவியாகத் தொடங்குகிறது. சிறு கசிவு சில நிமிடங்களில் பெருஞ்சேதமாக மாறுவது இதனால்தான்.

பெங்களூரின் குளிர்ச்சியை நம்பலாமா?

இதமான தட்பவெப்பம் கொண்ட நகரில் இயந்திரம் ஏன் சூடேற வேண்டும் என்று சிலர் வியப்பதுண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். காற்றின் அடர்த்தியும் கடற்கரை நகரங்களைவிட ஏறத்தாழ எட்டு, ஒன்பது விழுக்காடு குறைவு. ரேடியேட்டரிலிருந்து வெப்பத்தை வாங்கிச் செல்வது அந்தக் காற்றுதான். நலமாக உள்ள காருக்கு இவை ஒரு பொருட்டல்ல. கூலன்ட் குறைந்த காருக்கோ ஒவ்வொரு குறையும் கூடிச் சேரும்.

உண்மையான சோதனை போக்குவரத்து நெரிசலே. டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, பெங்களூர் நகர மையத்தில் பத்து கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 நொடி ஆயிற்று. ஓடும் காருக்கு எதிர்க்காற்றே குளிர்விப்பான். நின்றுகொண்டிருக்கும் காருக்கு மின்விசிறி ஒன்றே துணை. ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் அமைந்திருப்பதால், அது வெளியிடும் சூடான காற்றே ரேடியேட்டருக்குள் நுழைகிறது. மின்விசிறியின் மோட்டார் பழுதாகியிருந்தால் நெடுஞ்சாலையில் அது தெரியவே தெரியாது. சில்க் போர்டிலோ மாரத்தஹள்ளியிலோ தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான சோதனை மலைப்பாதை. சேலத்திலிருந்து பெங்களூர் வருவோர் அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறி வருகிறார்கள். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் வழியாக மைசூர் செல்வோர் 27 கொண்டை ஊசி வளைவுகளையும், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகை ஏறுவோர் 36 வளைவுகளையும் கடக்கிறார்கள். முழுச் சுமையுடன், குறைந்த வேகத்தில், மிகுந்த சக்தியை வேண்டி இயந்திரம் உழைக்கும் நேரம் அது. நகரில் மஞ்சள் விளக்கோடு நின்ற குறை மலையில் சிவப்பாக மாறுவது இயல்பு.

சொகுசுக் கார்களில் ஏன் கூடுதல் கவனம்?

விலை உயர்ந்த கார் என்றால் இத்தகைய தொல்லைகள் இராது என்பது பரவலான எண்ணம். இக்கார்களின் குளிர்விப்பு அமைப்பு மிகத் திறன் வாய்ந்தது என்பது உண்மையே. ஆயினும் அது மிகவும் சிக்கலானதும்கூட. டர்போ, கியர்பாக்ஸ் எண்ணெய், உள்ளிழுக்கும் காற்று எனப் பலவற்றையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால் குழாய்களும் இணைப்புகளும் மிகுதி. சில கார்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகளும், மின்சாரத்தில் இயங்கும் துணைப் பம்புகளும் உண்டு. எடையைக் குறைப்பதற்காகக் கூலன்ட் தொட்டி, குழாய் இணைப்புகள், தெர்மோஸ்டாட் உறை போன்றவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் சூடேறியும் குளிர்ந்தும் அவை நொறுங்கும் தன்மையை அடைகின்றன. ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் கசிவு தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் இவையே.

இன்னொரு காரணம், பார்வைக்கு எதுவும் தெரியாமை. ஒலியை அடக்கும் மூடிகள் மேலே; காற்றோட்டத்தைச் சீராக்கும் தகடுகள் கீழே. கசியும் நீர்மம் தரையில் சொட்டாமல் அத்தகடுகளிலேயே தேங்கி உலர்ந்துவிடலாம். காலையில் வண்டி நின்ற இடம் உலர்ந்திருக்கிறது என்பதால் கசிவு இல்லை என்று பொருளாகாது.

மஞ்சள் சொல்வதும் சிவப்பு சொல்வதும்

கூலன்ட் தொட்டிக்குள் மிதவை வகை உணரி ஒன்று பொதுவாக இருக்கும். நீர்மம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அது மஞ்சள் எச்சரிக்கையை எழுப்புகிறது. இயந்திரம் சூடாகிவிட்டது என்று அது சொல்லவில்லை; சூட்டைத் தாங்கும் கையிருப்பு குறைந்துவிட்டது என்று சொல்கிறது. குளிர்விப்பு அமைப்பு மூடிய சுற்று என்பதால், நலமான காரில் கூலன்ட் குறிப்பிடத்தக்க அளவில் குறையக் கூடாது. குறைகிறது என்றால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஊற்றி நிரப்பிய சில வாரங்களில் மீண்டும் மஞ்சள் விளக்கு எரிந்தால், காரணத்தைக் கண்டறியாமல் மறுபடியும் ஊற்றுவது நோயை மறைப்பதாகும்.

சிவப்பு விளக்கு வெப்பநிலையைப் பற்றியது. அதன் பொருள் ஒன்றே: பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துக. வெப்பமானியின் முள் நடுவில்தானே இருக்கிறது என்ற ஆறுதல் பல வேளைகளில் பொய்யாகும். பல கார்களில் முள் சிறு ஏற்ற இறக்கங்களைக் காட்டாதபடி, ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. சில கார்களில் வெப்பமானியே இல்லை. இன்னும் பெரிய இடர் ஒன்றுண்டு. வெப்பத்தை அளக்கும் உணரி நீர்மத்துக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால், உணரி வெற்றிடத்தில் நின்று குறைந்த வெப்பநிலையைக் காட்டக்கூடும். இயந்திரம் உருக்குலைந்துகொண்டிருக்க, முள் அமைதியாக இருக்கும். மஞ்சள் எச்சரிக்கையை மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அந்த இருபது நிமிடங்களில் நிகழ்வது இதுதான். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு அது வளைந்தாலே, ஹெட் கேஸ்கெட் என்னும் இடையடைப்பு தன் பிடியை இழக்கிறது. கூலன்ட் எரியறைக்குள் புகுந்தால் புகைக்குழாயிலிருந்து இனிப்பு மணத்துடன் வெண்புகை வரும். எண்ணெயோடு கலந்தால், எண்ணெய் பால் கலந்த காபியைப் போல் நிறம் மாறும். மசகுத் தன்மை இழந்த எண்ணெயுடன் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன்கள் உராய்ந்து இறுகி இயந்திரம் நின்றுவிடும். ஒரு ரப்பர்க் குழாயில் தொடங்கிய குறை முழு இயந்திரத்தையும் மாற்றுவதில் முடிகிறது.

சாலையோரத்தில் செய்ய வேண்டியவை

நெரிசலில் வெப்பநிலை உயரத் தொடங்கி, சிவப்பு விளக்கு இன்னும் எரியாத நிலையில், ஏ.சி.யை நிறுத்துங்கள், ஹீட்டரை முழு அளவில் இயக்கிச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். இயந்திரத்தின் வெப்பத்தில் ஒரு பகுதி காருக்குள் வந்து வெளியேறும். வசதிக் குறைவுதான், ஆனால் ஓரமாக ஒதுங்குவதற்குரிய நேரத்தை அது தரும்.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், இடப்புறம் ஒதுங்கி, அபாய விளக்குகளைப் போட்டு, இயந்திரத்தை நிறுத்துங்கள். நெடுஞ்சாலையில் எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் போதிய தொலைவில் வையுங்கள். பயணிகளைச் சாலையிலிருந்து விலகிய பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நிறுத்திய பின்னும் விசிறியோ பம்போ சிறிது நேரம் ஓடினால் அஞ்ச வேண்டாம். அது அமைப்பின் இயல்பு. பானட்டிலிருந்து ஆவி வந்தால் அது அடங்கும் வரை பானட்டைத் திறக்காதீர்கள்.

கூலன்ட் தொட்டியின் மூடியைச் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தம் விடுபட்ட அக்கணமே உள்ளிருக்கும் நீர்மம் பொங்கி முகத்திலும் கைகளிலும் தெறிக்கும். கடும் தீக்காயம் உண்டாகும். குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருந்து, தொட்டியைத் தொட்டால் சூடு தெரியாத நிலை வந்த பின், தடித்த துணியைக் கொண்டு மெல்லத் திறக்கலாம். சூடான இயந்திரத்தின் மீது குளிர்ந்த நீரை ஊற்றுவதும், உள்ளே சட்டென்று ஊற்றுவதும் உலோகத்தில் விரிசலை உண்டாக்கலாம். நீர்மம் பெருமளவு வெளியேறியிருந்தால் மீண்டும் ஓட்ட முயலாமல், நிறுவனத்தின் சாலையோர உதவியை அழைத்து வண்டியை ஏற்றிச் செல்வதே அறிவுடைமை.

தண்ணீர் போதாதா?

வேறு வழியே இல்லாத நேரத்தில், குளிர்ந்த இயந்திரத்தில் பாட்டில் குடிநீரை ஊற்றி அருகிலுள்ள சர்வீஸ் நிலையம் வரை செல்வதில் தவறில்லை. வாலை வடிநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். பெங்களூரின் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவிரி நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் நீரும் கலந்தே பயன்படுகின்றன. குளியலறை ஹீட்டரின் கம்பியில் வெள்ளையாகப் படியும் உப்பை இல்லத்தரசிகள் நன்கறிவார்கள். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் நீரோட்டமும் குறையும், வெப்பமும் வெளியேறாது. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதை மெக்கானிக்கிடம் சொல்லி, உரிய கூலன்டை மறுபடியும் நிரப்பச் செய்யுங்கள்.

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்குவதும் பிழை. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு ஆகியவை வெறும் சாயங்கள். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நிற விதி எதுவும் இல்லை. பொருந்தாத இரு வகைகள் கலந்தால் துருத்தடுப்புச் சேர்மங்கள் செயலிழக்கலாம். கூழ் போன்ற படிவு உண்டாகிக் குழாய்களை அடைக்கவும் கூடும். காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரக் குறியீட்டையே கேட்டு வாங்குங்கள். ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடையில் வாங்கினாலும், நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் வாங்கினாலும் இவ்விதி பொருந்தும். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு என்பதையும் மறவாதீர்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்பு நாய்களுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொரியா கற்பித்த பாடம்

கூலன்ட் கசிவு இயந்திரத்தை மட்டுமன்று, உயிரையும் அச்சுறுத்தக்கூடும் என்பதை 2018ஆம் ஆண்டு தென் கொரியாவில் நிகழ்ந்தவை காட்டின. அங்கு பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் பல அடுத்தடுத்துத் தீப்பற்றின. புகையின் ஒரு பகுதியை மீண்டும் இயந்திரத்துக்குள் செலுத்தும் அமைப்பில் உள்ள சிறு குளிர்விப்பானில் விரிசல் விழுந்து, கூலன்ட் கசிந்து, கரிப்படிவோடு கலந்து, மிகுந்த சூட்டில் எரியத் தொடங்கியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அந்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் உலக அளவில் இவ்வழைப்பு ஏறத்தாழ 16 லட்சம் கார்களுக்கு விரிந்தது. டிசம்பரில் கொரிய அரசு அந்நிறுவனத்துக்கு 1,120 கோடி வான் அபராதம் விதித்தது.

வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் கூலன்ட் குறைவது அற்பமான செய்தி அன்று என்பதே இதன் பாடம். இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்துள்ளது. உங்கள் காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, அதற்குத் திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று நிறுவனத்திடம் கேட்டறியலாம். பழைய காரை வாங்கியவர்கள் இதனைக் கட்டாயம் செய்ய வேண்டும்; முன்னவருக்கு அனுப்பப்பட்ட கடிதம் உங்களை வந்தடைந்திருக்காது.

காப்பீடு எதுவரை?

முழுக் காப்பீடு இருக்கிறதே என்று எண்ணுவோர் தங்கள் ஆவணத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் வழங்கும் வழக்கமான கார்க் காப்பீட்டு ஒப்பந்தம் விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றால் ஏற்படும் சேதத்தை ஏற்கிறது. தேய்மானம், இயந்திரப் பழுது, மின்பழுது, தொடர் விளைவாக ஏற்படும் இழப்பு ஆகியவற்றை அது விலக்குகிறது. பழைய குழாய் வெடித்துக் கூலன்ட் போய் இயந்திரம் நின்றால், அது இயந்திரப் பழுது, இழப்பீடு கிடைக்காது.

விபத்தினால் கசிவு ஏற்பட்டால்? வேகத்தடையில் அடிப்பகுதி மோதி ரேடியேட்டர் உடைந்ததாகக் கொள்வோம். ரேடியேட்டருக்கு இழப்பீடு உண்டு. ஆனால் பழுதைச் சரிசெய்யும் முன் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால், அதனால் பெருகும் சேதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று ஒப்பந்த நிபந்தனைகளில் தெளிவாக உள்ளது. ஆகவே ரேடியேட்டருக்குப் பணம் வரும். சிவப்பு விளக்குக்குப் பின் ஓட்டியதால் கெட்ட இயந்திரத்துக்கு வராது. எப்போது எச்சரிக்கை எழுந்தது, அதன்பின் எவ்வளவு தொலைவு ஓடியது என்பதற்கான தடயங்கள் இக்காலக் கார்களின் கணினியில் பதிவாகியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

'இன்ஜின் புரொடெக்ட்' என்னும் கூடுதல் பாதுகாப்பைப் பெறுவது பயன் தரும். வெள்ளநீர் புகுதல், மசகெண்ணெய்க் கசிவு ஆகியவற்றால் இயந்திரத்துக்கு நேரும் சேதத்தை அது பொதுவாக ஏற்கிறது. 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்து விலை உயர்ந்த கார்கள் மூழ்கி நின்றபோது, இப்பாதுகாப்பின் தேவையைப் பலர் உணர்ந்தனர். ஆயினும் கூலன்ட் கசிவு அதில் அடங்குமா, எந்த நிபந்தனையில் அடங்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரீமியம் செலுத்துமுன் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

ஏற்கப்படும் இழப்பீட்டிலும் கழிவு உண்டு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படுவது வழக்கமான விதி. குளிர்விப்பு அமைப்பின் பெரும்பகுதி அவற்றால் ஆனதே. தேய்மானமில்லாப் பாதுகாப்பைச் சேர்த்து வாங்கினால் இக்கழிவு தவிர்க்கப்படும். இழப்பீட்டில் தகராறு எழுந்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். அவருக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் அலுவலகங்கள் உள்ளன.

உத்தரவாதம் முடிந்த பின்னும் தொடரும் தவணை

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 50 லட்சம் ரூபாய் காருக்கு 40 லட்சம் கடன்; ஆண்டு வட்டி 9 விழுக்காடு; காலம் 7 ஆண்டு எனக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 64,350 ரூபாய். மூன்றாண்டு உத்தரவாதம் முடியும் நாளில் நிலுவை அசல் ஏறத்தாழ 25.9 லட்சம். அதாவது உத்தரவாதம் இல்லாத நான்கு ஆண்டுகள், 48 தவணைகள் எஞ்சியிருக்கின்றன. பிளாஸ்டிக் பாகங்கள் முதுமை அடையும் காலமும் அதுவே. அவ்வேளையில் இயந்திரம் கெட்டால், ஓடாத காருக்குத் தவணையும் செலுத்த வேண்டும். பழுதுக்கும் பணம் தேட வேண்டும்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் உதவும். ஒன்று, மூல உத்தரவாதம் முடிவதற்கு முன்பே நீட்டிப்பு உத்தரவாதத்தைப் பெறுதல். முடிந்த பின் அது கிடைப்பது அரிது. இரண்டு, கடன் தொகையைத் தீர்மானிக்கும்போதே தவணையோடு காப்பீடு, சர்வீஸ் செலவுகளையும் சேர்த்துக் கணக்கிடுதல். மூன்று, காருக்கென ஒரு தொடர் வைப்புக் கணக்கு. மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகள் செலுத்தினால், வட்டி நீங்கலாகவே 1.8 லட்சம் சேரும். ஐந்தாம் ஆண்டில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், குழாய்கள் ஆகியவற்றை முன்கூட்டியே மாற்றுவதற்கு அத்தொகை கைகொடுக்கும்.

பழைய சொகுசுக் காரை வாங்க எண்ணுவோர், விலையைப் பேசுமுன் இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் சென்று பாருங்கள். கூலன்ட் தொட்டியில் அளவு குறிகளுக்கு இடையே இருக்கிறதா, எண்ணெய்ப் படலமோ சேறோ மிதக்கிறதா, இணைப்புகளைச் சுற்றி வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உலர்ந்த கறை உள்ளதா என்று நோக்குங்கள். ஏ.சி.யை இயக்கி அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். பின்னர் ஒரு மெக்கானிக்கிடம் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். காற்றை ஏற்றி வைத்தால் கசிவு தானே வெளிப்படும். தொட்டிக்குள் எரிவாயு கலக்கிறதா என்பதை, நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் ஒரு சோதனை நீர்மம் காட்டிவிடும். இவற்றுக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

மின்சாரக் காருக்கு மாறிவிட்டால் இக்கவலை இல்லை என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலான மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் கூலன்டே. விளக்கின் பொருள் மாறுவதில்லை.

மாதம் ஒருமுறை, இரண்டு நிமிடம்

மாதத்தின் முதல் ஞாயிறு காலை, வண்டியை எடுக்குமுன் பானட்டைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். அளவைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மூன்று மாதப் படங்களை ஒப்பிட்டால் குறைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். நெடும்பயணத்துக்கு முன்னும், மலையேறுவதற்கு முன்னும் இதையே செய்யுங்கள். சாலையோர உதவி எண்ணைக் குடும்பத்தில் கார் ஓட்டும் எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். ஓட்டுநர் வைத்திருப்போர் அவரிடமும் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்துவதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாமதத்துக்குத் திட்டு விழுமோ என்ற அச்சத்தினால் ஓட்டிச் செல்லப்படும் கார்களும் உண்டு.

சூளகிரி அருகே சென்றுகொண்டிருந்த குடும்பத்திடம் திரும்புவோம். அவர்கள் அங்கேயே நிறுத்தியிருந்தால், இரவு இரண்டு மணி நேரம் வீணாகியிருக்கும். குழந்தைகள் விழித்து அழுதிருப்பார்கள். வண்டியை ஏற்றிச் சென்றதும் ஒரு குழாயும் சில லிட்டர் கூலன்டும் மாற்றப்பட்டிருக்கும். வெள்ளியன்று சில்க் போர்டிலேயே மஞ்சள் விளக்கை மதித்து, வாடகைக் காரில் திருமணத்துக்குச் சென்றிருந்தால் அந்த இரண்டு மணி நேரமும் மிஞ்சியிருக்கும். ஓசூர் வரை ஓட்டியிருந்தால், அடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட மாதங்கள் நின்றுபோன காருக்குத் தவணை கட்டும் நிலை வந்திருக்கலாம்.

கார் உங்களுடையது, அதன் கடனும் உங்களுடையது. அந்தச் சிறு விளக்கு இரண்டையும் காக்கவே எரிகிறது.